பிடித்த வைடு லென்ஸை மாற்றலாமா? பணம் கட்டும் முன் 18 குறிப்புகள்

கல்யாண மேடைக்கு முன்னால் ஐந்தடி இடம்தான் கிடைக்கும். இருபது பேரைப் படத்துக்குள் கொண்டுவர வேண்டும். கோயில் பிராகாரத்தில் பின்னால் நகர்ந்தால் தூண் இடிக்கும். இப்படிப்பட்ட இடங்களில் கைகொடுப்பது வைடு லென்ஸ். போட்டோ எடுப்பவர்கள் பலருக்கு இதன் மேல் தனிப் பிரியம் இருப்பதும் அதனால்தான். கேனான் 17-40, நிக்கான் 14-24, டோக்கினா 11-16 என்று ஆளுக்கொன்று வருடக்கணக்கில் பையிலேயே இருக்கும்.

இப்போது கேமராக்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டன. “இன்னும் இந்தப் பழைய லென்ஸா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கடையில் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் வேறு. ஆனால் ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கான நல்ல வைடு ஜூம் பெரும்பாலும் லட்ச ரூபாயைத் தாண்டும். அவ்வளவு பணம் போடும் முன், மாற்ற வேண்டிய காரணம் உங்கள் படங்களில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயங்காமல் மாற்றுங்கள். இல்லையென்றால் இருப்பதையே நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடிக்கும் வழிகள் இதோ.

முதலில் தேவையைப் பாருங்கள்

1. குறையை ஒரு வரியில் எழுதுங்கள். “லென்ஸ் பழசாகிவிட்டது” என்பது குறை ஆகாது. “மண்டபத்தில் வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓ 6400-ஐத் தாண்டுகிறது”, “வெயிலுக்கு எதிரே எடுத்தால் படம் வெளிறுகிறது”, “இடது ஓரம் எப்போதும் மங்கலாக வருகிறது” என்று எழுத வேண்டும். அந்தக் குறை தெரியும் ஐந்தாறு படங்களையும் எடுத்துத் தனி ஃபோல்டரில் போடுங்கள். கீழே வரும் ஒவ்வொரு சோதனைக்கும் அவை உதவும். வரியும் எழுத வரவில்லை, படமும் கிடைக்கவில்லை என்றால் இப்போதைக்குப் புது லென்ஸ் தேவையில்லை.

2. எந்த அளவில் எடுக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எத்தனை மி.மீ.யில் எடுக்கப்பட்டது என்ற விவரம் பதிவாகியிருக்கும். லைட்ரூமில் மெட்டாடேட்டா ஃபில்டரில் பார்க்கலாம். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஃபோல்டரை டீட்டெயில்ஸ் முறையில் வைத்து, ஃபோக்கல் லெங்த் என்ற பத்தியைச் சேர்த்தாலே தெரிந்துவிடும். கடந்த ஒரு வருடப் படங்களைப் பாருங்கள். பெரும்பாலானவை 16, 17 மி.மீ.யில் இருந்தால் அகலம் உங்களுக்கு நிஜமாகவே தேவை. 24-இலிருந்து 35-க்குள்தான் அதிகம் என்றால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் 24-70 அந்த வேலையைச் செய்துவிடும்.

3. இன்னும் அகலம் வேண்டுமா என்பதை போனிலேயே பாருங்கள். பல போன்களில் 0.5 என்று வரும் அல்ட்ரா வைடு, ஃபுல் ஃபிரேமில் சுமார் 13 மி.மீ.க்குச் சமம். நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்று அதில் ஒரு படம் எடுங்கள். 16 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் சுமார் 97 டிகிரி பார்க்கும், 14 மி.மீ. 104 டிகிரி பார்க்கும். கூடுதலாகக் கிடைத்த இடத்தில் விட்டுப்போன ஆட்களும் கட்டடமும் வந்தால் 14 மி.மீ. உங்களுக்குப் பயன்படும். ஃபேனும் ஒயரும் காலி நாற்காலியும் மட்டும் வந்தால் இருக்கும் அகலமே போதும்.

4. ஓரத்தில் நிற்பவர் குண்டாகத் தெரிவதற்கு லென்ஸைக் குறை சொல்ல வேண்டாம். குரூப் போட்டோவில் கடைசியில் நின்ற அத்தையின் முகம் அகலமாகிவிட்டது என்று பலர் லென்ஸை மாற்ற நினைக்கிறார்கள். நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் எந்த வைடு லென்ஸும் ஓரத்தை இழுக்கத்தான் செய்யும். ஃபுல் ஃபிரேமில் 16 மி.மீ. வைத்து எடுத்தால் படத்தின் பக்கவாட்டு விளிம்பில் இருக்கும் தலை சுமார் 1.5 மடங்கு அகலமாகும். 24 மி.மீ.யில் 1.25 மடங்கு, 35 மி.மீ.யில் 1.12 மடங்கு. இது கணிதம், இரண்டு லட்ச ரூபாய் லென்ஸிலும் இதேதான் நடக்கும். ஒரே நீள வரிசையாக நிறுத்தாமல் இரண்டு, மூன்று வரிசையாக நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் காலி இடம் விட்டு எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். நாலடி பின்னால் போக முடிந்தால் போய், 28 மி.மீ.க்கு மேல் வைத்து எடுங்கள்.

5. கோபுரம் பின்னால் சாய்வதும் லென்ஸின் குறை இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் 200 அடிக்கு மேல் உயரம். அருகில் நின்று கேமராவை மேலே தூக்கினால் இரண்டு பக்கக் கோடுகளும் உள்நோக்கிச் சாயும். கேமராவைத் தரைக்கு மட்டமாகப் பிடித்தால் கோடுகள் நேராக நிற்கும். திரையில் வரும் லெவல் கோட்டை ஆன் செய்துகொள்ளுங்கள். தள்ளி நின்று, கீழே தரை அதிகமாக வந்தாலும் பரவாயில்லை என்று எடுத்துப் பிறகு வெட்டலாம். கட்டடப் படம்தான் தொழில் என்றால், அதற்கென்றே இருக்கும் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸைப் பாருங்கள். கேனானில் 17 மி.மீ., 24 மி.மீ. இரண்டும், நிக்கானில் 19 மி.மீ.யும் உண்டு. இன்னொரு சாதாரண வைடு ஜூம் வாங்குவதால் கோபுரம் நிமிராது.

அடுத்து லென்ஸைச் சோதியுங்கள்

6. ஃபில்டரைக் கழற்றிவிட்டு எடுத்துப் பாருங்கள். பாதுகாப்புக்கென்று மாட்டிய விலை குறைந்த யூவி ஃபில்டர், மேடை எல்ஈடி விளக்குகளுக்கு எதிரே பச்சைப் புள்ளிகளையும் வெளிறலையும் கொடுக்கும். ஒரே காட்சியை ஃபில்டரோடு ஒன்று, ஃபில்டர் இல்லாமல் ஒன்று எடுத்து ஒப்பிடுங்கள். பின்பக்கக் கண்ணாடியையும் பாருங்கள். முன்கண்ணாடியில் படியும் தூசியைவிடப் பின்கண்ணாடியில் பதிந்த விரல் ரேகை படத்தை அதிகம் கெடுக்கும். மெரினா, ராமேசுவரம் என்று கடற்கரையில் எடுத்துவிட்டு வந்தால் முன்கண்ணாடியில் உப்புப் படலம் இருக்கும். முதலில் புளோயரால் ஊதி மணலை விரட்டுங்கள். அதன் பிறகே லென்ஸ் திரவமும் மைக்ரோஃபைபர் துணியும்.

7. டார்ச் அடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு மூடிகளையும் கழற்றி, இருட்டு அறையில் பின்பக்கத்திலிருந்து டார்ச்சைச் சற்றே சாய்த்து அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராக அடித்தால் கண் கூசும், எதுவும் தெரியாது. நாலைந்து தூசி தெரிந்தால் கவலையே வேண்டாம், படத்தில் வராது. சிலந்தி நூல் போல மெல்லிய கிளைகள் பரவியிருந்தால் அது பூஞ்சை. கண்ணாடி முழுக்க மூச்சுக்காற்று பட்டது போல வெண்மை படர்ந்திருந்தால் அது படலம். ஆரம்ப நிலைப் பூஞ்சையைப் பிரித்துச் சுத்தம் செய்துவிடலாம். கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிட்டால் தடம் போகாது.

8. மொட்டை மாடியில் டவர் சோதனை செய்யுங்கள். எல்லாச் சோதனையிலும் இது முக்கியம், செலவும் இல்லை. கானல் எழுவதற்கு முன் காலை வேளையில் மாடிக்குப் போங்கள். அரை கிலோமீட்டருக்கு அப்பால் தெரியும் ஒரு செல்போன் டவரைத் தேர்ந்தெடுங்கள். அதன் குறுக்குக் கம்பிகளும் ஏணியும்தான் உங்கள் அளவுகோல். ட்ரைபாடில் கேமரா, ஐஎஸ்ஓ 100, ஸ்டெபிலைசேஷன் ஆஃப், 2 நொடி டைமர். டவரை நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். வளையத்தைத் தொடவே கூடாது. நடுவில் ஒரு படம். பிறகு கேமராவைத் திருப்பி, அதே டவரை நான்கு மூலைகளுக்கும் கொண்டுபோய் மூலைக்கு ஒரு படம். முழுத் திறப்பில் ஒரு சுற்று, எஃப் 8-இல் ஒரு சுற்று. மொத்தம் 10 படம்.

9. அந்தப் பத்துப் படங்களைப் படிக்கும் விதம். முழுத் திறப்பில் நான்கு மூலையும் ஒரே அளவு மங்கி, எஃப் 8-இல் தெளிந்தால் லென்ஸ் நலமாக இருக்கிறது; அதன் வடிவமைப்பே அப்படி. ஒரு மூலையோ ஒரு பக்கமோ மட்டும் எஃப் 8-இலும் ஏணி தெரியாமல் மங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது. எங்கோ இடி வாங்கியிருக்கும். அது சர்வீஸுக்குப் போக வேண்டும். நடுவும் சேர்ந்தே மங்கினால் ஃபோகஸ், அசைவு, பூஞ்சை, கண்ணாடிப் படலம் ஆகியவற்றில் ஒன்று காரணம். இயற்கைக் காட்சிக்கு எஃப் 22 வைக்கும் வழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் சிதறி, எந்த லென்ஸிலும் படம் முழுவதும் மென்மையாகிவிடும். வைடு லென்ஸில் எஃப் 8, எஃப் 11 போதும்.

10. டிஎஸ்எல்ஆர் என்றால் லைவ் வியூவில் ஒருமுறை ஃபோகஸ் செய்யுங்கள். ஒரே பொருளை வியூஃபைண்டர் வழியாக ஃபோகஸ் செய்து ஒன்று, லைவ் வியூவில் செய்து ஒன்று எடுங்கள். லைவ் வியூவில் மட்டும் ஷார்ப்பாக வந்தால் லென்ஸில் பழுது இல்லை. கேமராவின் ஃபோகஸ் பகுதியும் லென்ஸும் ஒத்துப்போகவில்லை. ஏஎஃப் ஃபைன் டியூன் வசதி இருந்தால் மெனுவிலேயே சரிசெய்யலாம். மிரர்லெஸ் கேமரா சென்சாரிலிருந்தே ஃபோகஸ் எடுப்பதால் இந்தத் தொல்லை அங்கே இல்லை. டிஎஸ்எல்ஆரில் சோர்ந்த லென்ஸ் மிரர்லெஸ்ஸில் தெளிவாக எடுப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

11. 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்து மிரளாதீர்கள். 24 மெகாபிக்சலிலிருந்து 45-க்கு மாறியவர்கள் “ஓரம் மோசமாகிவிட்டது” என்பார்கள். திரையில் 100 சதவீதத்தில் பார்க்கும்போது 45 மெகாபிக்சல் படம் ஏறக்குறைய 1.4 மடங்கு அதிகம் பெரிதாகிறது. முன்பே இருந்த மென்மை இப்போது கண்ணுக்குப் படுகிறது, அவ்வளவுதான். ஆல்பத்தை வைத்து யோசியுங்கள். நம் ஊர்க் கல்யாண ஆல்பம் விரித்தால் 12க்கு 36 அங்குலம். ஒரு பக்கம் 12க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தாலும் அந்த ஒரு பக்கத்துக்கு 20 மெகாபிக்சல்கூட வேண்டாம். உங்கள் குறைப் படங்களில் இரண்டை அந்த அளவுக்கு பிரிண்ட் போட்டுக் கையில் பிடித்துப் பாருங்கள். பிரிண்டிலும் குறை தெரிந்தால் அது நிஜக் குறை.

12. வெளிச்சக் கணக்கைச் சரியாகப் போடுங்கள். எஃப் 4-இலிருந்து எஃப் 2.8-க்குப் போனால் வெளிச்சம் இரட்டிப்பு. ஐஎஸ்ஓ 6400 என்பது 3200 ஆகும். ஊர்வலத்திலும் நடனத்திலும் ஆள் அசைவதை உறைய வைக்க இது பெரிய உதவி. ஆனால் மூன்று வரிசை குரூப் போட்டோவுக்கு எப்படியும் எஃப் 5.6-க்கு மூடுவீர்கள், அங்கே 2.8 பயன்படாது. அசையாத பிராகாரத்துக்கு ட்ரைபாடோ, பாடியில் இருக்கும் ஸ்டெபிலைசேஷனோ போதும். ஜவ்வாது மலையில் பால்வீதி எடுப்பதுதான் ஆசை என்றால், பழைய ஜூமை விற்க வேண்டியதில்லை. சாம்யாங் 14 மி.மீ. எஃப் 2.8 போன்ற மேனுவல் லென்ஸைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். நட்சத்திரத்துக்கு ஆட்டோ ஃபோகஸே வேண்டாம்.

பணக் கணக்கு

13. மவுன்ட் மாறினால் லென்ஸும் மாற வேண்டும் என்பதில்லை. கேனான் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் கேனானின் அடாப்டர் வழியாக ஆர் வரிசைக் கேமராக்களில் ஆட்டோ ஃபோகஸோடு நன்றாக வேலை செய்கின்றன. அந்த அடாப்டர் வெறும் இடைவெளிக் குழாய். உள்ளே கண்ணாடி இல்லாததால் தரம் குறையாது. நிக்கானில் கவனம் வேண்டும். எஃப்டிஇசட் அடாப்டரில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி லென்ஸ்களுக்கு ஆட்டோ ஃபோகஸ் உண்டு. பழைய ஏஎஃப்-டி லென்ஸுக்குக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கிராப் சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸை ஃபுல் ஃபிரேம் ஆர் கேமராவில் மாட்டினால் நடுப்பகுதி மட்டும் பதிவாகும். 24 மெகாபிக்சலில் 9 அளவுதான் மிஞ்சும். இந்தக் கடைசி இரண்டு நிலையில் இருப்பவர்களுக்கு மாற்றுவது நியாயமான செலவு.

14. லென்ஸின் விலையோடு நிறுத்தாதீர்கள். 77 மி.மீ. ஃபில்டர்கள் கையில் இருக்க, 82 மி.மீ. லென்ஸ் வாங்கினால் சிபிஎல், என்டி எல்லாமே புதிதாக வாங்க வேண்டும். நிக்கான் இசட் 14-24 எஃப் 2.8-க்கு 112 மி.மீ. ஃபில்டர்; அதன் விலையே தனிக் கணக்கு. எடையும் கணக்கில் வரட்டும். பழைய 14-24 எஃப் 2.8ஜி ஏறக்குறைய ஒரு கிலோ. இசட் 14-24 வெறும் 650 கிராம். நாள் முழுக்கக் கல்யாணம் எடுத்துத் தோளும் மணிக்கட்டும் வலிப்பவருக்கு அந்த 350 கிராம் ஒன்றே மாற்றப் போதுமான காரணம்.

15. புதிது என்றால் ஓரம் தானாகத் தெளிவாகும் என்று நம்பிவிடாதீர்கள். சிறியதாக, எடை குறைவாகச் செய்வதற்காகப் பல புது வைடு லென்ஸ்களில் வளைவைத் திருத்தும் வேலையை மென்பொருளிடம் விட்டுவிடுகிறார்கள். கேனான் ஆர்எஃப் 14-35 எஃப் 4-ஐ 14 மி.மீ.யில் வைத்து, திருத்தாத ரா ஃபைலைத் திறந்தால் நன்றாக வளைந்திருக்கும்; மூலையும் கறுத்திருக்கும். கேமரா அதை இழுத்து நிமிர்த்துகிறது. இழுத்த இடத்தில் கொஞ்சம் மென்மை வரும். படம் கெட்டுவிடாது. ஆனால் மூலைத் தெளிவுக்காக மட்டும் மாற்றுகிறவர் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

16. ஆடியிலோ மார்கழியிலோ வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். சென்னை, கோவை, மதுரையில் லென்ஸ் நாள் வாடகைக்குக் கிடைக்கும். முகூர்த்த நாட்களில் கேட்டால் இருக்காது. கல்யாணம் இல்லாத மாதங்களில் சுலபமாகக் கிடைக்கும், பேரம் பேசவும் இடமிருக்கும். ஆதார் நகல், டெபாசிட் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு லென்ஸோடும் போய் ஒரே இடத்தில், ஒரே அளவில் எடுங்கள். மாடி டவர் சோதனையையும் இரண்டுக்கும் செய்யுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபைல் பெயரை மறைத்து, வீட்டில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அவரால் பிரித்துச் சொல்ல முடியாத வித்தியாசத்துக்கு ஒரு லட்சம் கொடுக்க வேண்டாம்.

17. பழுது என்றால் முதலில் எஸ்டிமேட் வாங்குங்கள். கேனானில் எர்ர் 01 வந்தால் பதற வேண்டாம். லென்ஸுக்கும் கேமராவுக்கும் தொடர்பு சரியில்லை என்று பொருள். பொன்னிறத் தொடுபுள்ளிகளை உலர்ந்த மென்துணியால் துடைத்தாலே பலமுறை சரியாகிவிடும். அப்போதும் வந்தால் உள்ளே அப்பர்சர் ஒயர் விட்டுப்போயிருக்கலாம். சர்வீஸில் மூன்று கேள்வி கேளுங்கள்: உதிரிபாகம் கிடைக்கிறதா, வேலைக்கு உத்தரவாதம் எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு? அந்தத் தொகை, அதே லென்ஸை நல்ல நிலையில் செகண்ட் ஹேண்டில் வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் பழுது பார்ப்பதே லாபம். உதிரிபாகம் நின்றுபோயிருந்தால் அந்த லென்ஸுக்கு மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

18. எதை வைத்துக்கொண்டாலும் ஈரத்திலிருந்து காப்பாற்றுங்கள். தோல் உறையிலும் பீரோவிலும் நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை வந்துவிடும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி போதும். ஈரப்பதம் 40-இலிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால், அதற்கென ஒதுக்கிய பழைய வாணலியில் சிறு தீயில் சூடாக்கினால் நிறம் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். நீல நிற ஜெல்லில் கோபால்ட் உப்பு இருப்பதால் அடுப்படிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். அரிசி டப்பாவில் லென்ஸ் வைக்கவே கூடாது. தவிட்டுத் தூள் உள்ளே போய்விடும்.

முடிவு எடுக்கும்போது

சோதனை எல்லாம் முடிந்ததும் முதல் குறிப்பில் எழுதிய வரியை இந்த நான்கு வழிகளில் ஒன்றில் சேருங்கள். ஃபில்டர், ஃபோகஸ், நிற்கும் இடம் ஆகியவற்றால் வந்த குறை என்றால் லென்ஸை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலை மங்கல், ஆரம்பப் பூஞ்சை என்றால் பழுது பாருங்கள். எப்போதோ ஒருமுறை வரும் நட்சத்திரம், கட்டடம் போன்ற வேலை என்றால் ஒரு லென்ஸைச் சேர்த்துக்கொள்ளுங்கள் அல்லது வாடகைக்கு எடுங்கள். ஆட்டோ ஃபோகஸ் இல்லை, அரித்த கண்ணாடி, நிறுத்தப்பட்ட உதிரிபாகம், தாங்க முடியாத எடை, வாரா வாரம் தடுக்கும் வெளிச்சக் குறை என்றால் மாற்றுங்கள்.

மாற்றினாலும் பழையதை அன்றைக்கே எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட வேண்டாம். பிடித்த லென்ஸ் என்பது, எங்கே நின்றால் என்ன விழும் என்று உங்கள் காலுக்கும் கண்ணுக்கும் கற்றுக்கொடுத்த பழக்கம். அந்தப் பழக்கம் புது லென்ஸுக்கு வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை இரண்டும் இருக்கட்டும். புது லென்ஸுக்கும் முதல் வாரத்திலேயே டவர் சோதனை செய்து, மூலை மங்கினால் கெடுவுக்குள் திருப்பிக் கொடுங்கள். பில்லில் இந்திய வாரன்டி இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். இரண்டு மாதம் பழையதைத் தொடவே இல்லை என்றால் ஹூட், மூடிகள், பெட்டி, பில் எல்லாம் சேர்த்து, கற்றுக்கொள்ளும் ஆர்வமுள்ள ஒருவருக்கு நியாயமான விலைக்குக் கொடுங்கள். நன்றாகப் பராமரித்த வைடு லென்ஸ் அவருக்கும் பல வருடம் உழைக்கும்.